காணாமல் போன சர்க்கம்ப்ளெக்ஸ்: வால்வு அறுவைக்கு முன் தெரியவந்த ஒரு தமனி வேறுபாடு

நோயாளி 58 வயதுப் பெண். ஓராண்டாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும், இரண்டு மாதமாகச் சமதரையில் வேகமாக நடந்தாலே நெஞ்சை இறுக்குகிறது என்றும் சொன்னார். மயங்கி விழுந்ததில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே வலது மேல்மார்பில் கரகரவென்ற முணுமுணுப்பு கேட்டது. அது கழுத்து வரை ஏறியது. நாடி தயங்கி எழுந்து தயங்கியே இறங்கியது.

எக்கோ சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. பெருந்தமனி வால்வு பிறவியிலேயே இரண்டு இதழ் கொண்டது. மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் வலது இதழும் இடது இதழும் ஒட்டி ஒன்றாகியிருந்தன. வால்வின் திறப்பு 0.7 சதுர சென்டிமீட்டர், சராசரி அழுத்த வேறுபாடு 52 மி.மீ. பாதரசம். இடது வென்ட்ரிக்கிளின், அதாவது இதயத்தின் இடது கீழறையின், சுவர் தடித்திருந்தது. ஆனால் பம்பிங் 62 சதவீதம். முன்சுவர், பக்கச்சுவர், அடிச்சுவர் எல்லாம் ஒழுங்காகச் சுருங்கின. இந்தக் கடைசிக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் கைகொடுத்தது. வால்வு வளையத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர், சற்றுச் சிறியது.

வால்வை மாற்றியாக வேண்டும் என்பதில் இருதய மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த வயதில், இரட்டை இதழ் வால்வுக்கு, நெஞ்சைத் திறந்து மாற்றுவதே முதல் தேர்வு. அதற்கு முன் வழக்கம்போல ஆஞ்சியோகிராம்: அடைப்பு இருந்தால் அதே அமர்வில் பைபாஸையும் செய்துவிடலாம் என்பதற்காக.

ஆஞ்சியோகிராம் மேசையில்

வலது மணிக்கட்டு வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போனது. இதயத்தசைக்கு ரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகளில் இடது தமனியின் வாயில் அது சுலபமாக உட்கார்ந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை, அதாவது டையை, செலுத்தியதும் ஒரு நீண்ட தண்டும், அது வளையாமல் நேராக முன்னிறங்கு தமனியாக, அதாவது எல்.ஏ.டி.யாக, நீண்டு போவதும் தெரிந்தன. வழக்கமாக இந்தத் தண்டு எல்.ஏ.டி., சர்க்கம்ப்ளெக்ஸ் என இரண்டாகப் பிரியும். இங்கே பிரிவே இல்லை. எல்.ஏ.டி. நன்றாக இருந்தது, டயகனல் கிளைகள் இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் இடது வென்ட்ரிக்கிளின் பக்கச்சுவருக்கும் பின்சுவருக்கும் போக வேண்டிய சர்க்கம்ப்ளெக்ஸ் தமனி படத்திலேயே இல்லை. இடப்பக்கமாகவும் கால் பக்கமாகவும் சாய்த்துப் பார்க்கும் கோணத்தில், இடது தண்டு கிளை பிரியும் இடம் சிலந்தி காலை விரித்ததுபோலத் தெரியும். இங்கே சிலந்திக்குப் பாதிக் கால்கள்தான். திரையின் ஒரு பகுதி முழுக்க வெறுமை.

இப்படி ஒரு வெறுமை தெரிந்தால் மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, கதீட்டர் தண்டைத் தாண்டி நேரே எல்.ஏ.டி.க்குள் போயிருக்கலாம், தண்டு மிகக் குட்டையாக இருந்தாலோ, இரண்டு கிளைகளும் தனித்தனி வாயில் கிளம்பினாலோ இது நடக்கும். இரட்டை இதழ் வால்வு உள்ளவர்களுக்குத் தண்டு குட்டையாக இருப்பது தெரிந்த விஷயம் என்பதால் இதைத்தான் முதலில் சோதித்தோம். கதீட்டரைச் சற்றுப் பின்னிழுத்து, இடது தமனி கிளம்பும் பெருந்தமனிக் குழிவுக்குள்ளேயே, அதாவது இடது சைனஸுக்குள்ளேயே, டையை விட்டோம். எல்.ஏ.டி. நிறைந்தது. வேறு எதுவும் தலைகாட்டவில்லை.

இரண்டாவது விளக்கம்தான் பயமுறுத்துவது. சர்க்கம்ப்ளெக்ஸ் வேரோடு அடைபட்டு, குட்டைத் தடம்கூட மிச்சமில்லாமல் போயிருக்கலாம். வால்வு நோயாளிக்கு இதுவும் நடக்கக் கூடியதே. ஆகவே பைபாஸ் தேவைப்படும் என்று எழுதிவிட்டு எழுந்திருக்க ஆசை வரும். ஆனால் அடைபட்ட தமனி அடையாளம் இல்லாமல் அடைபடாது. வலது தமனியிலிருந்தோ எல்.ஏ.டி.யிலிருந்தோ மெல்லிய துணைக் குழாய்கள் புறப்பட்டு, சில நொடி தாமதமாக அடைபட்ட தமனியின் வால்பகுதியைப் பின்வழியாக நிரப்பும். படத்தை இதயத்துடிப்பு பல கடக்கும் வரை ஓடவிட்டுப் பார்த்தோம். அப்படி எதுவும் வரவில்லை. அந்தப் பகுதிக்கு ரத்தமே போகவில்லை என்றால் பக்கச்சுவர் துவண்டிருக்க வேண்டும். எக்கோவில் அது துள்ளிச் சுருங்கியதே! யாரோ அதற்கு ரத்தம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மிச்சமிருப்பது மூன்றாவது: தமனி வேறு எங்கிருந்தோ கிளம்புகிறது.

வலது தமனிக்கான கதீட்டருக்கு மாறினோம். வலது தமனி நல்ல அளவில், அடைப்பில்லாமல் நிறைந்தது. இதயத்தின் அடிப்பக்கத்துக்கும் அதுவே கிளை கொடுத்தது. ஆனால் டை கொஞ்சம் வெளியே வழிந்தபோது ஒரு மங்கலான கோடு பின்னோக்கி, இடப்பக்கமாக ஓடி மறைந்தது. கண்ணை இமைத்திருந்தால் தப்பியிருக்கும். வலது தமனியின் வாய்க்குச் சற்றுப் பின்னால், கீழே, கதீட்டரின் நுனியை மெல்லத் திருப்பியதும் அது இன்னொரு வாயில் விழுந்தது. டை செலுத்தினோம். முழு சர்க்கம்ப்ளெக்ஸும் திரையில் வந்தது. பெருந்தமனியின் பின்புறமாகச் சுற்றி, இடப்பக்கம் போய், தன் வழக்கமான பகுதியில் வழக்கமான கிளைகளைக் கொடுத்தது. எங்கும் அடைப்பு இல்லை.

வழியை உறுதிப்படுத்த இன்னொரு எளிய சோதனை உண்டு. வலத்தோள் பக்கமிருந்து பார்க்கும் 30 டிகிரி கோணத்தில், பெருந்தமனிக்கு முன்னாலோ பின்னாலோ குறுக்கே போகும் தமனி நம்மை நோக்கி வருவதால் நீளமாகத் தெரியாது. ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி பெருந்தமனிக்குப் பின்னால் இருந்தால் தமனி பின்வழியில் போகிறது. முன்னால் இருந்தால், பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எங்கள் நோயாளிக்குப் புள்ளி பின்னால் இருந்தது. அந்த ஒரு புள்ளி இருக்கும் பக்கம்தான் நோயாளிக்கு என்ன சொல்வது என்பதையே தீர்மானிக்கிறது.

பழைய எக்கோ படத்தை மறுபடி ஓட்டினால், இதய நுனியிலிருந்து எடுத்த காட்சியில், இடது ஏட்ரியத்தின், அதாவது இடது மேலறையின், பக்கமாகப் பெருந்தமனிக்குச் செங்குத்தாக ஒரு பிரகாசமான குழாய்க் கோடு தெரிகிறது. பின்வழிச் சர்க்கம்ப்ளெக்ஸின் எக்கோ அடையாளம் இதுவே. வால்வில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு அந்த இடத்தில் எல்லாமே பளபளவென்று இருக்கும் என்பதால், தேடாதவர் கண்ணுக்கு இது சுண்ணாம்பாகத்தான் தோன்றும்.

எங்கே கிளம்புகிறது என்பதைவிட எந்த வழியில் போகிறது

பெருந்தமனியின் வேரில் மூன்று குழிவுகள் உண்டு. அவற்றை சைனஸ் என்கிறோம். வலது சைனஸிலிருந்து வலது தமனியும், இடது சைனஸிலிருந்து இடது தமனியும் கிளம்பும்; மூன்றாவதிலிருந்து ஒன்றும் கிளம்பாது. பாடநூல் படம் இதுதான். ஆனால் பாடநூல் படத்தை அப்படியே அச்செடுத்த இதயம் என்று ஒன்றைத் தேடினால் அலைச்சல்தான். கோனஸ் என்ற சிறு கிளை வலது தமனியிலிருந்து பிரிவதற்குப் பதில் தனி வாயில் கிளம்புவது மிகச் சாதாரணம். இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவுக்குப் போகும் கிளை சுமார் 60 சதவீதம் பேருக்கு வலது தமனியிலிருந்தும், மீதிப் பேரில் பெரும்பாலோருக்குச் சர்க்கம்ப்ளெக்ஸிலிருந்தும் வருகிறது. இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் கொடுப்பது எந்தத் தமனி என்பதை வைத்து ‘வலது ஆதிக்கம்’, ‘இடது ஆதிக்கம்’ என்கிறோம். பத்தில் எட்டுப் பேர் அளவில் வலதுதான், ஆனாலும் இடது உள்ளவரை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. எல்.ஏ.டி.க்கும் சர்க்கம்ப்ளெக்ஸுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கிளை முளைப்பதும், எல்.ஏ.டி. சிறிது தூரம் தசைக்குள் புதைந்து ஓடுவதும் அன்றாடம் பார்ப்பவை. இவற்றையெல்லாம் ‘கோளாறு’ என்று அறிக்கையில் எழுதுவது நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாது.

தமனியே இடம் மாறிக் கிளம்புவது இதிலிருந்து வேறுபட்டது, அது அரிது. கிளீவ்லாந்து கிளினிக்கில் 1,26,595 பேரின் ஆஞ்சியோகிராம்களைத் தொகுத்து 1990-இல் வெளிவந்த ஆய்வில், 1,686 பேருக்கு, அதாவது 1.3 சதவீதம் பேருக்கு, தமனி வேறுபாடு இருந்தது. அவர்களில் 467 பேருக்குச் சர்க்கம்ப்ளெக்ஸ் வலது சைனஸிலிருந்தோ வலது தமனியிலிருந்தோ கிளம்பியது. மொத்தத்தில் 0.37 சதவீதம். வருடத்துக்கு ஆயிரம் ஆஞ்சியோகிராம் செய்யும் கூடத்தில் மூன்று நான்கு பேர் வரலாம். முதன்முதலில் இதை 1933-இலேயே அன்டோபோலும் குகலும் விவரித்துவிட்டார்கள். உயிரோடிருப்பவரின் தமனி ஒவ்வொன்றிலும் தனித்தனியே டை செலுத்திப் பார்க்க முடியும் என்று மேசன் சோன்ஸ் 1958-இல் தற்செயலாகக் கண்டுபிடிப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் வெளிச்சத்தில்.

ஏன் இப்படி ஆகிறது? தமனிகள் பெருந்தமனியிலிருந்து துளிர்விட்டு இதயத்தின் மேல் படர்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் நடப்பது தலைகீழ். கருவின் இதயப் பரப்பில் நுண்குழாய் வலை முதலில் உருவாகிறது. அதன் இழைகள் பெருந்தமனியின் வேரைச் சூழ்ந்து, பிறகு அதன் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. பல இழைகள் முயல்கின்றன. வழக்கமாக இரண்டு மட்டும் நிலைக்கின்றன. 1980-களின் இறுதியில் கரு ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. இந்தக் கோணத்தில் பார்த்தால் மூன்றாவதாக ஓர் இழை வலது சைனஸில் ஒட்டி நிலைத்துவிடுவது பெரிய அதிசயமே இல்லை. இரண்டோடு நிற்பதுதான் எனக்கு இன்னும் அதிசயம்.

வழி மாறிய தமனிகளில் ஆளைக் கொல்லக் கூடியவையும் உண்டு. இடது தண்டு வலது சைனஸிலிருந்து கிளம்பி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து இடப்பக்கம் போவது அவற்றில் மோசமானது. வலது தமனி இடது சைனஸிலிருந்து கிளம்பி அதே இடுக்கில் வலப்பக்கம் போவது அதைவிடப் பரவலானது, ஆனால் ஆபத்து குறைவு. இரண்டு பெரிய குழாய்கள் நடுவில் தமனியைக் கிடுக்கிபோட்டு நசுக்குகின்றன என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். நுரையீரல் தமனியின் அழுத்தம் குறைவு, அதால் பெரிதாக நசுக்க முடியாது. தமனியின் முதல் சில மில்லிமீட்டர்கள் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே ஓடுவதும், வாய் வட்டமாக இல்லாமல் கீறல்போல இருப்பதும், கூர்கோணத்தில் திரும்புவதும்தான் உண்மையான வில்லன்கள். ஓடும்போது பெருந்தமனி விரிகிறது. சுவருக்குள் மாட்டிக்கொண்ட பகுதி தட்டையாகிறது. இதயம் அதிக ரத்தம் கேட்கும் அதே நேரத்தில் வரத்து குறைகிறது.

2000-இல் வெளிவந்த ஒரு தொகுப்பில், இத்தகைய தமனியால் திடீரென இறந்த இளம் விளையாட்டு வீரர்கள் 27 பேர். 23 பேருக்கு இடது தண்டுதான் வழி மாறியிருந்தது. இறப்பதற்கு முன் டிரெட்மில் சோதனை செய்திருந்த 6 பேருக்கும் அது இயல்பாகவே இருந்ததாம். ‘டிரெட்மில் நார்மல், பயமில்லை’ என்று சொல்லும் வழக்கத்தை இந்த ஒரு எண்ணே ஆட்டிவிடுகிறது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் 10 ஆண்டுகள் என்.பி.ஏ.வில் ஆடி ஓய்வு பெற்று, 1988 ஜனவரியில், 40 வயதில், நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருக்கு இடது தமனியே இல்லை. அத்தனை ஆண்டுகளும் வலது தமனி ஒன்றே இதயம் முழுவதையும் தாங்கியிருக்கிறது. அந்த இதயத்தை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தை எண்ணினால் உடலியல் பாடம் சற்றுத் திணறுகிறது.

எங்கள் நோயாளியின் பின்வழி இந்தக் கூட்டத்தில் சேராது. பெருந்தமனியின் பின்னால் இருப்பது இடது ஏட்ரியம். அது மெல்லிய சுவரும் குறைந்த அழுத்தமும் கொண்டது, நசுக்காது. நெஞ்சு இறுக்கத்துக்குக் குறுகிய வால்வே போதுமான காரணம். வால்வு நன்றாக இருந்திருந்தால், இந்தத் தமனியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

ஆனால் அறுவை மருத்துவரின் கத்தி போகப்போவது அதே இடத்துக்கு

தீங்கற்ற தமனி இங்கேதான் ஆபத்தான தமனி ஆகிறது. இதயத்துடிப்போடு ஒத்திசைத்து எடுத்த சிடி ஸ்கேனில், மூன்றாவது சைனஸின் பின்னால், பெருந்தமனி வளையத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தொலைவில், ஏறக்குறைய அதே மட்டத்தில் சர்க்கம்ப்ளெக்ஸ் ஓடியது. வால்வைத் தைக்கும் ஊசி வளையத்தில் ஆழமாக இறங்கினால் தமனியை உள்ளே வைத்துத் தைத்துவிடும். ஊசி தப்பினாலும், வளையத்தைவிடப் பெரிய வால்வைத் திணித்தால் தமனி பின்னால் ஏட்ரியத்தோடு நெருக்கப்பட்டு மடங்கலாம்.

அறுவைக்கு முந்தைய கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது வளையத்தின் அளவுதான். 20 மில்லிமீட்டர் வளையத்தில் சிறிய வால்வுதான் உட்காரும். வழக்கமான தீர்வு, பெருந்தமனி வேரைப் பின்பக்கம் கீறி ஓர் ஒட்டுத் துண்டு வைத்து அகலப்படுத்துவது. நிக்ஸ் முறையானாலும் மனூகியன் முறையானாலும் கீறல் இறங்குவது மூன்றாவது சைனஸ் பக்கமாக, மைட்ரல் வால்வை நோக்கி. சர்க்கம்ப்ளெக்ஸ் குறுக்கே ஓடும் இடம் அதுவேதான். ஆகவே அந்தக் கதவு மூடியது. 21 மில்லிமீட்டர் வால்வு கிடைத்தால் போதுமா என்று கணக்குப் போட்டோம். நோயாளியின் உடல் பரப்பு 1.52 சதுர மீட்டர்; சிறிய உடல்வாகு. பொருத்தம் தாராளமானது அல்ல, ஆனால் ஏற்கத்தக்கது.

இந்த வயதில் திசு வால்வும் வைக்கலாம், இயந்திர வால்வும் வைக்கலாம். முடிவு நோயாளியோடு பேசி எடுக்க வேண்டியது. திசு வால்வு சில ஆண்டுகளில் தேய்ந்தால், அதே இடத்தில் மறுபடி அறுவை, அல்லது கதீட்டர் வழியாக உள்ளே இன்னொரு வால்வை விரிக்க வேண்டும். இரண்டுமே இந்தத் தமனிக்கு நல்லதல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை விளக்கியபின் அவர் இயந்திர வால்வைத் தேர்ந்தெடுத்தார்.

“அப்போ எனக்குப் பிறவியிலேயே இதயத்தில் ரெண்டு குறையா டாக்டர்?” என்று கேட்டார்.

“வால்வு குறைதாம்மா. அந்த ரத்தக்குழாய் குறை இல்ல, வேற வழியா போகுது, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்றவங்களுக்கு அது தெரிஞ்சா போதும்.”

“தெரியாமப் போயிருந்தா?”

அந்தக் கேள்விக்கு நேரான பதில்தான் சொல்ல வேண்டும், சொன்னோம்.

அறுவையில் இன்னொரு நுணுக்கம், இதயத்தை நிறுத்திவைக்கும் கார்டியோபிளீஜியா கரைசல். பெருந்தமனியைத் திறந்தபின் அதை இடது, வலது வாய்களில் நேரடியாகச் செலுத்துவது வழக்கம். இங்கே இடது வாயில் செலுத்தினால் பக்கச்சுவருக்குப் போகாது. வலது வாயில் செலுத்தினாலும் போகாது, ஏனென்றால் சர்க்கம்ப்ளெக்ஸுக்குத் தனி வாய். அந்தச் சிறிய வாயில் குழாயை நுழைப்பதும் காயப்படுத்தக் கூடும். ஆகவே இதயத்தின் சிரைப் பக்கமாக, இதயச் சிரைகள் வந்து சேரும் கொரோனரி சைனஸ் வழியாகப் பின்னோக்கிச் செலுத்தினார்கள். மூன்றாவது சைனஸ் பக்கத்துத் தையல்கள் ஆழமில்லாமல், வளையத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடித்தன. வளையம் 21 அளவுகோலைத் தாராளமாக ஏற்றது. 23 கொஞ்சம் அழுத்தினால் போகும்போல இருந்தது. அழுத்தவில்லை.

இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுவிக்கும்போது எல்லோருடைய கண்ணும் உணவுக்குழாய் வழி எக்கோவின் திரையில், பக்கச்சுவர் மேல். அது மற்றச் சுவர்களோடு சேர்ந்தே சுருங்கியது. தமனிக்குள் ஓட்டமும் தெரிந்தது. நெஞ்சை மூடும் முன்பே இதைப் பார்ப்பது முக்கியம். அப்போது தையலை அவிழ்க்கலாம், பைபாஸ் போடலாம். ஐ.சி.யு.வில் இ.சி.ஜி.யின் 1, ஏ.வி.எல்., வி5, வி6 தடங்களில் மாற்றம் இல்லை. இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின், வால்வு அறுவைக்குப் பின் எதிர்பார்க்கும் அளவில் ஏறி இறங்கியது. மூன்றாம் மாத எக்கோவில் சராசரி அழுத்த வேறுபாடு 14 மி.மீ. பாதரசம், பம்பிங் இயல்பு. மாடிப்படி இப்போது பிரச்சினை இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரத்தைச் சோதனை முடிவுகளுக்கு நடுவே புதைக்காமல் முதல் பக்கத்திலேயே வைத்தோம்: சர்க்கம்ப்ளெக்ஸ் தமனி வலது சைனஸில் தனி வாயில் கிளம்புகிறது, வலது தமனி வாய்க்குப் பின்னால், சற்றுக் கீழே, பெருந்தமனியின் பின்வழியாகப் போகிறது, இடது தண்டில் டை செலுத்தி அது தெரியவில்லை என்றால் அடைப்பு என்று கொள்ள வேண்டாம். கூடவே, எந்தக் கதீட்டர் எந்தத் திருப்பத்தில் அந்த வாயில் உட்கார்ந்தது என்பதையும் எழுதினோம். என்றோ ஒருநாள் நெஞ்சுவலியோடு இவர் நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்குப் போனால், அங்கே மேசையில் நிற்பவருக்கு அந்த வரி பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.